“வருவதாகச் சொன்னார்”: ஆங்கிலத்தில் வில்லா, வுட்டா? இன்டைரக்ட் ஸ்பீச்சில் காலம் மாறுவது பற்றி

எழுதுகோல் (தொடக்கப் பதிவு)

தமிழ்ப் பேட்டி ஒன்றை ஆங்கிலச் செய்திக் குறிப்பாக மாற்ற வேண்டும். பொறியாளர் பேசியது:

“பாலம் வேலை முடிஞ்சிருச்சு. ஜூன் மாசம் திறப்போம். போன வருஷம் மழையால தாமதமாச்சு. திறக்குற வரைக்கும் வண்டிக்காரங்க பழைய ரோட்டுலதான் போகணும்.”

என் வரைவு:

“தி இன்ஜினியர் டோல்ட் தட் தி வொர்க் இஸ் ஓவர் அண்ட் தே வில் ஓபன் தி பிரிட்ஜ் இன் ஜூன். ஹி டோல்ட் தட் இட் வாஸ் டிலேட் லாஸ்ட் இயர் பிகாஸ் ஆஃப் ரெயின் அண்ட் மோட்டரிஸ்ட்ஸ் மஸ்ட் யூஸ் தி ஓல்ட் ரோடு அன்டில் இட் வுட் ஓபன்.”

இதில் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்? இஸ் வந்தால் வாஸ், வில் வந்தால் வுட் என்கிற அட்டவணை மனப்பாடம். ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் ஒரு படி பின்னால் தள்ளினால் சில இடம் சரியாக வருகிறது, சில இடம் நெருடுகிறது. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று யாராவது விளக்குங்கள்.

கரும்பலகை

காலத்துக்குப் போகும் முன் ஒரு களை: “டோல்ட் தட்”. டெல் என்ற வினைக்குப் பக்கத்திலேயே ‘யாரிடம்’ என்பது உட்கார வேண்டும். “டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ் தட்”, “டோல்ட் மீ தட்” சரி. ஆள் இல்லையென்றால் “செட் தட்”. “செட் மீ” கிடையாது. தமிழில் ‘சொன்னார்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்த்துவிடுவதால் இந்தப் பிழை நம் பக்கம் அடிக்கடி வருகிறது. “இன்ஃபார்ம்ட்” என்பதும் டெல் மாதிரிதான், ஆள் கேட்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பொறியாளர் பேசியதைத் தமிழ் அயற்கூற்றாக எழுதிப் பாருங்கள்:

வேலை முடிந்துவிட்டதாகவும், ஜூனில் திறக்கப்போவதாகவும், முந்தைய ஆண்டு மழையால் தாமதமானதாகவும் அவர் சொன்னார்.

முடிந்தது, திறக்கப்போவது, தாமதமானது: இந்த மூன்று காலமும் எந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகின்றன? அவர் வாய் திறந்த நேரத்திலிருந்து. நாம் எழுதுகிற நேரம் இந்தக் கணக்கிலேயே இல்லை. ‘சொன்னார்’ இறந்தகாலமாக இருந்தும் ‘திறக்கப்போவதாக’ எதிர்காலமாகவே நிற்கிறது. பத்து வருஷம் கழித்து எழுதினாலும் அப்படியேதான் நிற்கும்.

ஆங்கிலம் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. அது எழுதுகிறவரின் ‘இப்போது’. பொறியாளர் பேசிய நேரம் அங்கிருந்து பார்த்தால் பின்னால் போய்விட்டது. அப்போது நடப்பில் இருந்ததற்கு வாஸ். அதற்கும் முன்னால் நடந்ததற்கு ஹேட். அப்போது இனிமேல் நடக்கவிருந்ததற்கு வுட். அட்டவணை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

ஆகவே அட்டவணையை மறந்துவிட்டு, முதலில் தமிழில் ‘ஆக’ போட்டு எழுதுங்கள்.

‘முடிந்ததாக’, ‘முடிந்துவிட்டதாக’, ‘முடிந்துள்ளதாக’ என்று வந்தால் ஹேட் போட்டுப் பாஸ்ட் பார்ட்டிசிபிள்.
‘இருப்பதாக’, ‘நடந்துகொண்டிருப்பதாக’ என்று வந்தால் வாஸ் அல்லது வெர்.
‘திறக்கப்போவதாக’, நாளைக்கு ‘வருவதாக’ என்று வந்தால் வுட். முடிவு செய்துவிட்ட திட்டமென்றால் “வாஸ் கோயிங் டு”.

போட்டித்தேர்வு

கரும்பலகை சொன்னதில் ஒரு குழி இருக்கிறது, கவனம். ‘வருவதாக’ என்ற வடிவம் எதிர்காலம் மட்டுமல்ல, வழக்கத்தையும் காட்டும். “தினமும் ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்” என்றால் “ஹி செட் தட் ஹி கேம் அட் சிக்ஸ் எவ்ரி டே”. “நாளை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்” என்றால் “ஹி செட் தட் ஹி வுட் கம்”. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். பொருந்தினால் சிம்பிள் பாஸ்ட், பொருந்தாவிட்டால் வுட்.

கரும்பலகை

ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனை அவசியம். இன்னொன்றும் கவனிக்கலாம். நேர்க்கூற்றில் “ஐ கேம்”, “ஐ ஹேவ் கம்”, “ஐ ஹேட் கம்” என்று மூன்றாக இருந்தது அயற்கூற்றில் “ஹி ஹேட் கம்” என்று ஒன்றாகிவிடும். தமிழிலும் வந்தான், வந்திருக்கிறான், வந்திருந்தான் மூன்றையும் ‘வந்ததாக’ என்று ஒன்றாக்கிவிடலாம். அதனால்தான் ஆங்கில அயற்கூற்றைக் கொடுத்து நேர்க்கூற்றைக் கேட்டால் சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கிறது.

அகரவரிசை

பள்ளித் தமிழ் இலக்கணத்திலும் நேர்க்கூற்று, அயற்கூற்று உண்டு. அங்கே என்னென்ன மாறும்? இது என்பது அது, இங்கே என்பது அங்கே, இன்று என்பது அன்று, நாளை என்பது மறுநாள், நேற்று என்பது முந்தைய நாள், நான் என்பது தான். சுட்டும் இடமும், நான், தான் போன்ற இடப்பெயரும், நாளும் மாறுகின்றன. வினையின் காலம் மட்டும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இவற்றோடு காலமும் சேர்ந்து மாறுகிறது. ஆக, நமக்குப் புதிதாகப் பழக வேண்டியது வினை ஒன்றுதான்.

வினையை இப்படிப் பின்னால் தள்ளாத மொழி தமிழ் மட்டுமல்ல. ரஷ்ய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் சொன்னவருடைய காலமே நிற்கும். ஆங்கிலத்தில் நடப்பதற்குப் பேக்‌ஷிஃப்டிங் என்று பெயர் சொன்னவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ எஸ்பர்சன்.

பேச்சுத்தமிழின் ‘னு’ இதைவிடப் பெரிய பொறி. “நான் வரேன்னு சொன்னான்” என்பதில் ‘நான்’ யார்? சொன்னவன். அதை அப்படியே “ஹி செட் தட் ஐ வில் கம்” என்று ஆக்கினால், கேட்கிற ஆங்கிலக்காரர் நீங்கள் வரப்போவதாகத்தான் எடுத்துக்கொள்வார். காலப் பிழை காதில் உரசும், அவ்வளவுதான். இடப்பெயர்ப் பிழையில் ஆளே மாறிப்போவார். ‘னு’ வந்தால் முதலில் அதை ‘ஆக’வாக மாற்றுங்கள்: “தான் வருவதாகச் சொன்னான்”. பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

இந்தத் ‘தான்’ மாதிரி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. “ரவி குமாரிடம் தான் தேறிவிட்டதாகச் சொன்னான்” என்றால் தேறியது ரவி. “அவன் தேறிவிட்டதாகச் சொன்னான்” என்றால் தேறியது குமாரோ வேறு ஒருவனோ. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் “ஹி ஹேட் பாஸ்ட்”. குழப்பம் வருமென்றால் பெயரையே திரும்ப எழுதுங்கள்.

எழுதுகோல்

அப்படியானால் “தி வொர்க் வாஸ் ஓவர்”, “தே வுட் ஓபன்”, “ஹேட் பீன் டிலேட்” என்று வரும். புரிகிறது. ஆனால் ஜூன் இன்னும் வரவில்லையே. “வில் ஓபன்” என்று விட்டால் தப்பா?

செய்திமேசை

தப்பில்லை. சொன்ன விஷயம் இன்றைக்கும் அப்படியே நின்றால் காலத்தைத் தள்ளாமல் விடலாம். “ஷி செட் ஷி லிவ்ஸ் இன் மதுரை” என்றும் எழுதலாம், “லிவ்ட்” என்றும் எழுதலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லிவ்ஸ் என்று எழுதும்போது, அவர் சொன்னபோதும் அங்கே இருந்தார், நான் எழுதும்போதும் இருக்கிறார் என்று இரண்டு நேரத்துக்கும் நாம் பொறுப்பேற்கிறோம். லிவ்ட் என்றால் அவர் சொன்னதைச் சொன்னதாக மட்டும் நிற்கும், நம் கை சுத்தம்.

பாலத்துக்கும் அதே கணக்கு. ஏப்ரலில் வெளியாகும் செய்தியில் “செட் தி பிரிட்ஜ் வில் ஓபன் இன் ஜூன்” என்று போனால் அந்த உறுதிமொழியில் நம் குரலும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. “வுட் ஓபன்” என்றால் பேச்சு பொறியாளருடையது மட்டும். ஆகஸ்டில் அதே பேட்டியை எடுத்துக்காட்டும்போது வில் போடவே முடியாது, வுட் மட்டும்தான். செய்தி நாளைக்குக் கோப்பாகிவிடும். அதனால் வுட் பாதுகாப்பானது, பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. “ஹி செட்” என்பதை முன்னால் போடாமல் வாக்கியத்தின் கடைசியில் கமா போட்டு ஒட்டினால் காலத்தைத் தள்ள வேண்டிய கட்டாயம் போய்விடும். “தி பிரிட்ஜ் வில் ஓபன் இன் ஜூன், ஹி செட்.” இங்கே முதல் பகுதி தனி வாக்கியமாகவே நிற்கிறது, தட் அதைப் பிடித்துக் கட்டவில்லை. வுட் போட்டாலும் சரி. ஒரே பத்தியில் முதல் வாக்கியம் வில், அடுத்தது வுட், அதற்கடுத்தது வில் என்று ஊசலாட மட்டும் விடாதீர்கள்.

போட்டித்தேர்வு

செய்திமேசை சொன்னதைத் தேர்வு எழுதுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணிகளுக்கான தேர்வு) பாடத்திட்டத்தில் நரேஷன், அதாவது நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது, தனி இனம். அங்கே ரிப்போர்ட்டிங் வெர்ப் (செட், டோல்ட் போன்ற சொல் வினை) பாஸ்டில் இருந்தால் தள்ளித்தான் ஆக வேண்டும். விதிவிலக்காக அவர்கள் எடுத்துக்கொள்வது என்றைக்கும் மாறாத உண்மை, தேதியோடு வரும் வரலாற்று நிகழ்ச்சி ஆகியவைதான். “தி டீச்சர் செட் தட் இந்தியா பிகேம் இன்டிபென்டன்ட் இன் 1947” என்பதில் ஹேட் பிகம் வேண்டாம். ஆண்டே நேரத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. ரிப்போர்ட்டிங் வெர்ப் “செஸ்”, “வில் சே”, “ஹேஸ் செட்” என்று இருந்தால் காலம் மாறாது.

விடை தேடும்போது நாலு விருப்பத்தையும் முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் இணைப்புச் சொல்லைப் பாருங்கள்: தட்டா, இஃப்பா, டுவா? அதிலேயே பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுந்துவிடும். அடுத்து இடப்பெயர். கடைசியில்தான் காலம்.

அகரவரிசை

‘மாறாத உண்மை என்றால் தள்ளக் கூடாது’ என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தள்ளாமலும் விடலாம் என்பதுதான் சரி. உண்மை என்று யார் சொல்வது? எழுதுகிறவர்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த டாலமி, சூரியன் பூமியைச் சுற்றுவதாகச் சொன்னார். 1543இல் வெளியான நூலில் கோப்பர்நிக்கஸ், பூமி சூரியனைச் சுற்றுவதாகச் சொன்னார். தமிழில் இரண்டும் ‘சுற்றுவதாக’. ஆங்கிலத்தில் கோப்பர்நிக்கஸுக்கு “செட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்” என்றும் போடலாம், “வென்ட் ரவுண்ட்” என்றும் போடலாம். டாலமிக்கு “செட் தட் தி சன் வென்ட் ரவுண்ட் தி எர்த்” மட்டும்தான். கோஸ் என்று போட்டால் எழுதுகிறவரும் அதை நம்புகிறார் என்று ஆகிவிடும்.

இரண்டு பேரும் தாங்கள் சொன்னதை என்றைக்கும் மாறாத உண்மையாகத்தான் சொன்னார்கள். வினையைத் தீர்மானிப்பது சொன்னவருடைய நம்பிக்கை அல்ல, எடுத்துச் சொல்கிறவருடையது. ‘யூனிவர்சல் ட்ரூத்’ என்று மட்டும் எழுதிப்போட்டால் இந்த இடம் மாணவர்களுக்கு விளங்காமலே போய்விடும்.

போட்டித்தேர்வு

டாலமி எடுத்துக்காட்டு அருமை. தேர்வில் இது வராது. ஆனால் விதிக்குக் காரணம் இதுதான் என்பதை ஏற்கிறேன்.

வினையடி

பாஸ்டிலிருந்து பாஸ்ட் பெர்ஃபெக்ட்டுக்குப் போவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பார்த்த இடத்தில் எல்லாம் ஹேட் போட வேண்டியதில்லை. ஹேட்டுக்கு ஒரே ஒரு வேலை: சொன்ன நேரத்துக்கும் முன்னால் நடந்தது என்று பிரித்துக்காட்டுவது. அது வேறு வழியில் தெரிந்துவிட்டால் ஹேட் தேவையில்லை.

“ஹி செட் தட் ஹி வாஸ் பார்ன் இன் 1975.” சொல்வதற்கு முன்தான் பிறந்திருப்பார், “ஹேட் பீன் பார்ன்” தேவையே இல்லை.

“ஹி செட் தட் வென் ஹி வாஸ் அட் ஸ்கூல் ஹி பிளேட் ஹாக்கி.” வென் பகுதி தள்ளப்படுவதில்லை. முதன்மை வினைக்கு ஹேட் போடலாம், விட்டாலும் குற்றமில்லை.

தொடர்ச்சியாக நடந்தவற்றுக்கு முதல் வினைக்கு மட்டும் ஹேட் போதும். “ஹி செட் தட் ஹி ஹேட் காட் அப் அட் ஃபைவ், மில்க்ட் தி கவ்ஸ் அண்ட் வென்ட் டு தி மார்க்கெட்.” முதல் ஹேட் நேரத்தைக் காட்டிவிட்டது, மற்றவை அதன் நிழலில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஹேட் போட்டால் வண்டி ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும்.

இனி ஹேட் இல்லாவிட்டால் பொருளே கெட்டுவிடும் இடம். “தி விட்னஸ் செட் தட் தி கேட் வாஸ் ஓபன்” என்றால், சாட்சி சொன்ன நேரத்தில் கதவு திறந்திருந்ததாக அர்த்தம். “ஹேட் பீன் ஓபன்” என்றால் அதற்கு முன்னால், சம்பவம் நடந்தபோது. ‘திறந்திருப்பதாக’, ‘திறந்திருந்ததாக’ என்று தமிழில் இரண்டே எழுத்து வேலை செய்யும் இடம் இது. வாக்குமூலத்தை மொழிபெயர்க்கிறவர்கள் இங்கே இரண்டு முறை பார்க்க வேண்டும். ‘அட் தி டைம் ஆஃப் தி ஆக்சிடென்ட்’ என்று நேரத்தை வெளிப்படையாகப் போட்டுவிட்டால் வாஸ் போதும்.

கற்பனை இறந்தகாலம் ஒருபோதும் நகராது. “ஐ விஷ் ஐ நியூ” என்பது “ஹி செட் தட் ஹி விஷ்ட் ஹி நியூ”. “இட்ஸ் டைம் வி லெஃப்ட்” என்பதில் லெஃப்ட் அப்படியே. அந்த நியூவும் லெஃப்ட்டும் கடந்துபோன நேரத்தைச் சொல்லவே இல்லை, பின்னால் தள்ள என்ன இருக்கிறது? “இஃப் ஐ ஹேட் மணி ஐ வுட் பை இட்” என்பதும் அப்படியே. “இஃப் ஐ ஹேவ் மணி ஐ வில் பை இட்” என்பது தள்ளப்பட்டு அதே உருவத்துக்கு வந்து சேரும்: “இஃப் ஹி ஹேட் மணி ஹி வுட் பை இட்”. தமிழ் ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ மாதிரியே இதிலும் கையில் காசு வருமா வராதா என்பது தெரியாது.

எழுதுகோல்

என் வரைவில் கடைசியாக “அன்டில் இட் வுட் ஓபன்” என்று இருக்கிறது. எதிர்காலம் என்பதால் வுட் போட்டேன். அது சரிதானே?

கரும்பலகை

இல்லை, அதுதான் அந்த வரைவில் முக்கியமான தவறு. நேர்க்கூற்றை எழுதிப் பாருங்கள். “அன்டில் இட் ஓபன்ஸ்” என்றுதான் வரும், “அன்டில் இட் வில் ஓபன்” என்று வராது. வென், அன்டில், ஆஃப்டர், பிஃபோர், ஆஸ் சூன் ஆஸ், நிபந்தனை இஃப்: இவற்றுக்குப் பின்னால் எதிர்காலத்தை பிரசன்ட்தான் சுமக்கும். அங்கே வில் இல்லாதபோது வுட் எங்கிருந்து வரும்? ஓபன்ஸ் என்பது ஓபன்ட் ஆகும். “அன்டில் இட் ஓபன்ட்.”

“ஐ வில் கால் யூ வென் ஐ ரீச்” என்றால் “ஹி செட் தட் ஹி வுட் கால் மீ வென் ஹி ரீச்ட்”. ஒரு வுட் போதும்.

ஆனால் வென்னுக்குப் பின்னால் வுட் வரும் இடமும் உண்டு. ‘எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்’ என்றால் “ஹி ஆஸ்க்ட் வென் தி பிரிட்ஜ் வுட் ஓபன்”. இந்த வென் கேள்விச் சொல். இரண்டையும் பிரித்தறியத் தமிழைவிட நல்ல கருவி கிடையாது. தமிழில் ‘எப்போது’ என்று வந்தால் வுட் போடலாம். ‘போது’, ‘ததும்’, ‘வரை’ என்று வந்தால் போடக் கூடாது.

இஃப்புக்கும் அப்படியே. ‘வருவாரா என்று கேட்டார்’ என்றால் “ஆஸ்க்ட் இஃப் ஹி வுட் கம்”. ‘வந்தால் கொடுப்பதாகச் சொன்னார்’ என்றால் “செட் தட் இஃப் ஹி கேம்”. ‘ஆ’ வந்தால் வுட், ‘ஆல்’ வந்தால் வுட் இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் கலக்குவதைத் தமிழ் தனித்தனி விகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஏன் ஆங்கில அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டும்?

எழுதுகோல்

இது எனக்குப் புதிது. ‘எப்போது / போது’ சோதனையைக் குறித்துக்கொண்டேன்.

போட்டித்தேர்வு

கேள்வி பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடலாம். கேள்வி அயற்கூற்றுக்குள் போனதும் அது கேள்வியாக இருப்பதில்லை. எழுவாய் முன்னால், வினை பின்னால், டூ, டிட் எல்லாம் போய்விடும், கேள்விக்குறியும் போய்விடும். “வேர் ஆர் யூ கோயிங்?” என்பது “ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்”. “வேர் வாஸ் ஐ கோயிங்” என்று எழுதுவது தப்பு. “டிட் யூ ஈட்?” என்பது “ஹி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் ஈட்டன்”. “ஆஸ்க்ட் மீ தட் வெதர்” என்று இரண்டு இணைப்பைச் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. ‘என்று’ என்பதை மொழிபெயர்க்கப் போய் வருகிற தட் அது.

கட்டளைக்கு டு மட்டும். ‘போகாதே என்று சொன்னார்’ என்பதற்கு “டோல்ட் மீ நாட் டு கோ”. “டோல்ட் மீ தட் டோன்ட் கோ” அல்ல. இதில் காலமே கிடையாது, அதனால் தள்ளவும் ஒன்றுமில்லை.

வினையடி

மஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை, எழுதுகோல் வரைவில் அது இருக்கிறது.

கேன் குட் ஆகும், மே மைட் ஆகும். குட், மைட், வுட், ஷுட், ஆட் டு நகராது. தள்ளுவதற்கு அவற்றுக்கு அடுத்த படி இல்லை. மஸ்ட் இரட்டைப் பிறவி. கடமை என்றால் “ஹேட் டு” ஆகலாம், மஸ்ட்டாகவே நிற்கவும் செய்யலாம். எதிர்காலக் கடமை என்றால் “வுட் ஹேவ் டு”. ஊகம் என்றால் மஸ்ட் மட்டும்தான்: ‘அவள் களைத்திருக்க வேண்டும் என்றார்’ என்பது “ஹி செட் ஷி மஸ்ட் பி டயர்ட்”. இதை “ஹேட் டு பி” என்று ஆக்கினால் யாரோ அவளைக் களைப்படையச் சொல்லிக் கட்டாயப்படுத்திய மாதிரி தொனிக்கும்.

தமிழில் கடமை, ஊகம் இரண்டுமே ‘வேண்டும்’. ‘அனேகமாக’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ஊகம், மஸ்ட்டைத் தொடாதீர்கள். ‘வண்டிக்காரங்க பழைய ரோட்டுலதான் போகணும்’ என்பது இனிமேலுக்கான கடமை. “வுட் ஹேவ் டு யூஸ்” நன்றாகப் பொருந்தும்.

நடவடிக்கைக்குறிப்பு

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களுக்காகச் சில சொல்கிறேன். இந்த இலக்கணம் தினசரி வேலைக்கு உதவுவது அங்கேதான்.

மினிட்ஸை ஒரு வருஷம் கழித்துத்தான் யாராவது எடுத்துப் புரட்டுவார்கள். அதனால் ‘இன்னும் உண்மைதானே’ என்ற சலுகை இங்கே வேண்டாம், எல்லாவற்றையும் தள்ளுங்கள். “தி ட்ரெஷரர் ஸ்டேட்டட் தட் தி அக்கவுன்ட்ஸ் ஹேட் பீன் ஆடிட்டட் அண்ட் தட் தி ரிப்போர்ட் வுட் பி சர்க்குலேட்டட்.” டுமாரோ, நெக்ஸ்ட் வீக், எஸ்டர்டே எதுவும் வேண்டாம். “தி ஃபாலோயிங் வீக்” என்று மாற்றுவதைவிடத் தேதியையே எழுதிவிடுவது நல்லது.

பரிந்துரைக்கும் வினைகள் தனி. “சஜஸ்டெட் டு ரெட்யூஸ்” தவறு. “சஜஸ்டெட் ரெட்யூசிங் தி ஃபீ” சரி, “சஜஸ்டெட் தட் தி ஃபீ பி ரெட்யூஸ்ட்” சரி. இந்த பி எந்தக் காலத்திலும் மாறாது. சஜஸ்ட்ஸ் என்றாலும் சஜஸ்டெட் என்றாலும் பிதான். தீர்மானமும் அதே கட்டுமானம்: “ரிசால்வ்ட் தட் எ கமிட்டி பி ஃபார்ம்ட்”. இதைப் பிழை என்று நினைத்து வாஸ் ஃபார்ம்ட் என்று திருத்தினால், தீர்மானம் போய்ச் செய்தி ஆகிவிடும். குழு ஏற்கெனவே அமைந்துவிட்டதாகப் படிக்கிறவர் நினைப்பார்.

கரும்பலகை

சொல் வினைகளோடு இது நின்றுவிடுவதில்லை. நினைத்தேன், தெரியும், மறந்துவிட்டேன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நம்மவர்கள் தேர்வில் சரியாக எழுதிவிட்டுப் பேச்சில் விடுவது இங்கேதான்.

எதிர்பாராமல் ஒருவரைப் பார்க்கிறோம். “நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரியாதே!” ஆங்கிலத்தில் வாயில் வருவது “ஐ டிடன்ட் நோ யூ ஆர் ஹியர்”. ஆள் கண்ணெதிரே நிற்கிறார், ஆர் போடாமல் என்ன செய்வது என்று தோன்றும். ஆனால் ஆங்கிலம் பிறந்த வாய் “ஐ டிடன்ட் நோ யூ வெர் ஹியர்” என்றே சொல்லும். தெரியாமல் இருந்தது அப்போது. அந்த வினை இதையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. பெயர் காதில் விழாதபோது “வாட் டிட் யூ சே யுவர் நேம் வாஸ்?” என்பார்கள். பெயர் இப்போதும் அதேதான், ஆனாலும் வாஸ். “ஐ தாட் யூ வெர் இன் சென்னை” என்பதும் அப்படியே. இந்த மூன்றையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகினால் மீதி அட்டவணை தானாக நாக்கில் வரும்.

எழுதுகோல்

பேட்டியில் இன்னொரு வாக்கியம் இருந்தது, தொடக்கத்தில் விட்டுவிட்டேன். “மழை குறைஞ்சா முன்னாடியே திறந்துடலாம்னு ஒப்பந்ததாரர் சொல்லியிருந்தார்.” சொன்னதற்குள் ஒரு சொன்னது.

வினையடி

உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அஞ்ச வேண்டாம், ஒவ்வொன்றையும் அதற்கு மேலிருக்கும் வினையோடு மட்டும் கட்டுங்கள். பொறியாளர் செட். அதற்கு முன் ஒப்பந்ததாரர் சொன்னது, ஆகவே ஹேட் டோல்ட், ஆளோடு: “ஹேட் டோல்ட் ஹிம்”. அவர் சொன்ன ‘திறந்துடலாம்’ கேன், ஆகவே குட். ‘குறைஞ்சா’ என்பதில் ‘ஆல்’ இருக்கிறது, ஆகவே வுட் இல்லை.

“ஹி செட் தட் தி கான்ட்ராக்டர் ஹேட் டோல்ட் ஹிம் தட் தி பிரிட்ஜ் குட் பி ஓபன்ட் எர்லியர் இஃப் தி ரெயின் ஈஸ்ட்.”

மேலே ஹேட் டோல்ட் இருப்பதால் கீழே எல்லாவற்றையும் இரண்டு படி தள்ள வேண்டியதில்லை. ஒரு படிக்கு மேல் ஆங்கிலம் போவதில்லை.

எழுதுகோல்

திருத்திய வரைவு:

“தி இன்ஜினியர் டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ் தட் தி வொர்க் வாஸ் ஓவர் அண்ட் தே வுட் ஓபன் தி பிரிட்ஜ் இன் ஜூன். இட் ஹேட் பீன் டிலேட் தி ப்ரீவியஸ் இயர் பிகாஸ் ஆஃப் ரெயின், ஹி செட், அண்ட் மோட்டரிஸ்ட்ஸ் வுட் ஹேவ் டு யூஸ் தி ஓல்ட் ரோடு அன்டில் இட் ஓபன்ட்.”

செய்திமேசை

காலம் எல்லாம் சரி. இரண்டு சிறு விஷயம்.

முதலாவது, பேட்டி நடந்த அதே ஆண்டிலேயே செய்தி வெளியாகிறது என்றால் “லாஸ்ட் இயர்” அப்படியே இருக்கலாம். வாசகருக்கும் பொறியாளருக்கும் போன வருஷம் ஒன்றுதான். அடுத்த ஆண்டு எடுத்தாண்டால்தான் “தி ப்ரீவியஸ் இயர்”. இடமும் நாளும் காட்டும் சொற்களை எந்திரம் போல மாற்றக் கூடாது. படிக்கிறவர் எங்கே, எந்த நாளில் நிற்கிறார் என்று பார்த்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது, முதல் வாக்கியத்தில் அண்டுக்குப் பின்னால் இன்னொரு தட் போடுங்கள்: “அண்ட் தட் தே வுட் ஓபன்”. தமிழில் ‘முடிந்துவிட்டதாகவும் திறக்கப்போவதாகவும்’ என்று இரண்டு ‘ஆகவும்’ போடுகிறோமே, அதன் வேலையைத்தான் இரண்டாவது தட் செய்கிறது. அது இல்லாவிட்டால் அண்டுக்குப் பிறகு வருவது பொறியாளர் சொன்னதா, நிருபர் சேர்த்ததா என்ற சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. இங்கே வுட் இருப்பதால் தப்பித்தது. அந்த இடத்தில் வெறும் வாஸ் இருந்தால் தப்பாது.

எழுதுகோல்

தட் சேர்த்துவிட்டேன். இந்த ஆண்டே வெளியாவதால் “லாஸ்ட் இயர்” என்று திருப்பி மாற்றினேன்.